காலாவதியான களிம்பும் பூசப் பந்தலும்

நான் பணியாற்றி ஓய்வுபெற்ற நூற்பாலையில் இப்போது செவிலியாக இருக்கும் ஜெபசெல்வி, சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். ஆலையின் முதலுதவிப் பெட்டிகளுக்கு வேண்டிய பொருள்களை இனி வெளி நிறுவனம் ஒன்றே கொண்டுவந்து மாற்றித் தருமாம். புதிய பெட்டிகள் சுவரில் ஏறிவிட்டன. பழைய பெட்டிகளிலிருந்து எடுத்தவை ஓர் அட்டைப்பெட்டி நிறைய அவருடைய மேசையின் கீழே கிடக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை காலாவதியானவை. குப்பையில் போடுங்கள் என்கிறார் மேலாளர். தைப்பூசப் பந்தலுக்குக் கொடுங்கள் என்கிறார்கள் தொழிலாளர்கள்.

"அக்கா, நீங்க இருந்தப்ப என்னதான் செஞ்சிய? ரெண்டு பக்கமும் என்னப் போட்டு இழுக்காவ," என்றார்.

விடையை அப்போதே சொன்னேன். அது சிறியது. ஆனால் அவர் விடவில்லை. பாதுகாப்பு வாரத்துக்காக ஆலை வெளியிடும் மலரில் சேர்க்க வேண்டும், காரணத்தோடு எழுதித் தாருங்கள் என்று கேட்டார். விதிகளை அலுவலகச் சுவரிலேயே படித்துக்கொள்ளலாம். அந்த விதிகள் எங்கள் ஆலைக்குள் எவ்வாறு நடந்து வந்தன என்பதை எழுத எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

பாளையங்கோட்டையில் செவிலியர் பயிற்சி பெற்று, அங்கேயே ஒரு மருத்துவமனையின் அறுவைப் பிரிவில் சில ஆண்டுகள் இருந்து, திருமணத்துக்குப் பின் இந்த ஆலைக்கு வந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பொருள் தூய்மையானதுதானா என்னும் ஐயம் எழுந்தாலே அதைத் தூய்மையற்றது எனக் கொள்ள வேண்டும் என்பது அறுவைப் பிரிவின் பாடம். ஆலைக்கு வந்த முதல் வாரத்திலேயே அந்தப் பாடம் இங்கே செல்லாது எனக் கண்டேன். எதைக் காட்டிக் கேட்டாலும், "பாக்க நல்லாத்தான இருக்கு சிஸ்டர்?" என்னும் மறுமொழியே எல்லாப் பகுதிகளிலிருந்தும் வந்தது.

ஆழ்வார்திருநகரியைக் கடந்து திருச்செந்தூருக்குச் செல்லும் சாலையை ஒட்டி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது ஆலை. பஞ்சைச் சுத்தம் செய்யும் இடம், அதைச் சிக்கெடுத்துச் சீராக்கும் கார்டிங் பகுதி, நூற்கும் கூடம், பழுதுபார்க்கும் கூடம் என ஒவ்வொன்றிலும் ஒரு முதலுதவிப் பெட்டி உண்டு. கண்ணில் தூசி விழும். விரல்நுனி சிராயும். எப்போதாவது தோல் கிழியும். பெட்டிகளுக்கு வேலை இருந்துகொண்டே இருந்தது.

நான் சேர்ந்த சில நாள்களில் ஆயுதபூசை வந்தது. எந்திரங்களைத் துடைத்து, வாழைக்கன்று கட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். முதலுதவிப் பெட்டியும் ஓர் ஆயுதமே என்பதில் அவர்களுக்கு ஐயம் இருக்கவில்லை. ஆகவே அதற்கும் பொட்டு வைத்தார்கள். கார்டிங் பகுதியிலிருந்த ஓர் அன்பர் அத்துடன் நிற்காமல் பெட்டியைத் திறந்து, உள்ளிருந்த ஒவ்வொரு புட்டிக்கும் குழாய்க்கும் தனித்தனியே பொட்டு வைத்திருந்தார். வைப்பதற்கு வாகான வெற்றிடம் தேதி அச்சிட்ட இடந்தான். ஆகவே எல்லாப் பொட்டும் தேதியின்மேல் விழுந்திருந்தன. ஈரத்துணியால் ஒன்றைத் துடைக்கப் போனேன்.

"சிஸ்டர், சிஸ்டர், பொட்ட அழிக்காதிய!" என்று ஓடிவந்தார்.

"தேதி தெரியலையே."

"தேதி எதுக்கு? பொட்டு எம்புட்டுத் தடிப்பா இருக்குன்னு பாருங்க. அம்புட்டுப் பழசு."

அவர் சொன்னது உண்மை. ஒரு கண் சொட்டு மருந்தின்மேல், ஆண்டுக்கு ஒரு பொட்டாகச் சந்தனம் அடுக்கடுக்காய் ஏறி, ஓடுபோல் இறுகியிருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தேன். பூசைக்கு முந்திய நாள் எல்லா ஆயுதங்களையும் வெளியே எடுத்துத் துடைக்கிறார்களே, அன்றைக்கே பெட்டியிலுள்ளவற்றையும் வெளியே எடுத்து என்னிடம் காட்டுவது. பொட்டு, பெட்டியின் மூடிக்கு மட்டும். தனியே ஓர் ஆய்வு நாள் அறிவித்திருந்தால் ஒருவரும் வந்திருக்கமாட்டார்கள். ஆயுதபூசையோடு இணைத்ததால் வராதவர் ஒருவரும் இல்லை. இன்றும் ஆலையில் அந்த நாளே ஆய்வு நாளாக இருக்கிறதாம்.

அந்த முதலாண்டு மட்டும் பூசை முடிந்த மறுநாள் பெட்டிகளிலிருந்து வெளியே எடுத்தவற்றைக் கொண்டுபோய் நல அலுவலர் நம்பி ஐயாவின் மேசையில் வைத்தேன்.

நம்பி ஐயா மெலிந்த உருவம். நெற்றியில் மெல்லிய திருமண். யார் எதைச் சொன்னாலும் கண்களை மூடிக்கொண்டே கேட்பார். உறங்கிவிட்டாரோ என்று பேசுபவர் நிறுத்தினால், "ம், மேல," என்பார். முடிவு சொல்லும்போது மட்டும் எழுந்து நிற்பார். நின்றுகொண்டு சொன்ன எதையும் அவர் மாற்றியதாக எனக்கு நினைவில்லை. அன்று நான் வைத்தவற்றுள் ஒரு களிம்புக் குழாயை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இது இங்கயிருந்து எங்க போகும், சிஸ்டர்?"

"குப்பைக்கு, ஐயா."

"குப்பை எங்க போகும்?"

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது. தெரியாததை ஒப்புக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கும் இயல்பு அவருக்கு இல்லை. மறுநாள் காலையில், ஆலையின் குப்பை வண்டி புறப்பட்டபோது, குடையை விரித்துக்கொண்டு அதன் பின்னே நடந்தே போய்விட்டார். நல அலுவலர் குப்பை வண்டியைத் தொடர்ந்து போவதை வாயிற்காவலர் எழுந்து நின்று பார்த்ததாகப் பின்னர் சொன்னார்கள். நண்பகலுக்குச் சற்று முன்பு, முழங்கால்வரை புழுதியோடு திரும்பிவந்து, கைக்குட்டையில் பொதிந்திருந்த ஒரு சிறு புட்டியை என் மேசையில் வைத்தார். அது கண் சொட்டு மருந்து.

"களிம்பெல்லாம் மாட்டுக்காரர் ஒருத்தர்ட்டப் போகுது. மாட்டுக் குளம்புக்குத் தடவுதார். மாத்திரைய வாய்க்கா ஓரத்துல கொட்டிருதாங்க, வாத்து மேயுது. இது நம்ம கேட்டுக்கு எதுத்தாப்புல டீக்கடை வச்சிருக்காங்கல்லா, அந்த அம்மாகிட்ட இருந்துச்சு. கண்ணுல ஊத்திக்கிட்டு இருக்காங்க. 'மில்லு மருந்து, நல்ல மருந்து'ன்னு எனக்கே சொல்லுதாங்க." புட்டியை என் பக்கம் நகர்த்தினார். "நாளைக்கு உங்ககிட்ட வரச் சொல்லியிருக்கேன். கண்ணப் பாருங்க."

பார்த்தேன். கண் சிவந்திருந்தது. கண் மருத்துவரிடம் அனுப்பியபின் சில நாளில் தெளிந்துவிட்டது. அந்த அம்மாளுக்கு என்மேல் வருத்தமே. இலவச மருந்து நின்றுபோயிற்று.

அதன்பின் நம்பி ஐயா எழுந்து நின்று சொன்ன விதி இது: காலாவதியான மருந்து ஆலையை விட்டு வெளியேறும்போது யாருக்கும் பயன்படாத நிலையில் வெளியேற வேண்டும். கெடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

என் அறைக்குப் பின்புறம் ஒரு சிமென்டு மேடை இருந்தது. ஆயுதபூசைக்கு முந்திய நாள் அதில் பழைய செய்தித்தாளை விரித்து, எல்லாவற்றையும் பரப்பிப் பிரிப்போம். புண்ணின்மேல் படுவது, உடம்புக்குள் போவது, கண்ணில் விடுவது ஆகியவை ஒருபுறம். களிம்புக் குழாயைக் குறுக்கே நடுவில் வெட்டுவேன். மூடியோரம் வெட்டினால் பிதுக்கி எடுத்துக்கொள்வார்கள். மாத்திரைப் பட்டையை ஒவ்வொரு மாத்திரைக்கும் குறுக்கே கத்தரி விழுமாறு வெட்டுவேன். புட்டிகளின் பெயர்ச்சீட்டைக் கருமையால் அடிப்பேன். பசை இளகிய ஒட்டுப்பட்டைகளும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இரப்பர்க் கையுறைகளும் இவற்றோடு சேரும். எல்லாம் மஞ்சள் பைக்குள் போய், மருத்துவமனைகளின் கழிவைச் சேகரிக்க உரிமம் பெற்ற வண்டி வரும்வரை பூட்டிய அலமாரியில் இருக்கும். வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் இனி எங்களால் ஒன்றும் போகாது.

மருந்து கலவாத வெறுந்துணிகள் மற்றொருபுறம். கையைத் தொங்கவிடும் முக்கோணத் துணி, சுருள் கட்டுத்துணி போன்றவை. நுண்ணுயிர் நீக்கி உறையிட்ட துணியும், தேதி கடந்துவிட்டால், புண்ணுக்கு ஆகாத வெறுந்துணியே. இவற்றின்மேல் சிவப்பு மையால் பெருக்கல் குறி இடுவேன். பயிற்சி வகுப்பில் கட்டுப் போட்டுப் பழகவும், எலும்பு முறிந்த இடத்துக்கு அடியில் மெத்தையாக வைக்கவும் அவை உதவும். கத்தரிக்கோல், இடுக்கி, கிண்ணம் ஆகியவற்றுக்குக் காலாவதி இல்லை. கழுவி, மீண்டும் பெட்டியில் வைத்துவிடுவோம்.

இந்த வேலை முடியும்வரை நம்பி ஐயா அருகில் நின்றுகொண்டே இருப்பார். நாற்காலி போட்டாலும் உட்காரமாட்டார்.

தை பிறந்ததும் சிக்கல் வந்தது.

பழுதுபார்க்கும் கூடத்தில் ஃபிட்டராக இருந்த மாடசாமி அண்ணாச்சி, தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நடந்து செல்லும் அடியார்களுக்காக ஆலைத் தொழிலாளர் சாலையோரம் போடும் பந்தலின் தலைவர். மோரும் பானகமும் கொடுத்து, கால் கொப்புளங்களுக்கு மருந்தும் போட்டு அனுப்புவார்கள். அவர் என் அறைக்கு வந்து, உரிமையோடு கையை நீட்டினார்.

"மூட்டையக் கொடுங்க சிஸ்டர், கொண்டு போறேன்."

"எந்த மூட்டை அண்ணாச்சி?"

"பழைய மருந்து மூட்டைதான். வருசா வருசம் பெட்டியில கழிச்சதுல ஒரு பங்கு பூசத்துக்குன்னு எங்களுக்குத்தான எடுத்து வைப்பாவ. நடந்து வாற சனத்துக்குக் காலுக்குப் போட."

"வெட்டியாச்சு அண்ணாச்சி."

"வெட்டியாச்சா? எத?"

அலமாரியைத் திறந்து மஞ்சள் பையைக் காட்டினேன். பாதிக் குழாய் ஒன்றை, செத்த பல்லியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல சாமானக் கத்திரியால வெட்டியிருக்கிய. கை கூசலையா ஒங்களுக்கு?"

"தேதி முடிஞ்சுட்டே அண்ணாச்சி."

"மனுசனுக்கே தேதி முடிஞ்ச பெறகு மில்லுல எக்ஸ்டென்சன் குடுக்காவ. மருந்துக்குக் குடுக்கப்படாதா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பந்தல்காரர் நால்வரைக் கூட்டிக்கொண்டு நேரே நம்பி ஐயாவிடம் போனார். என்னையும் அழைத்தார்கள். சாமிக்கு நடப்பவர்களுக்குப் போகவேண்டிய பொருளை வெட்டிப் போட்டது பாவம் என்றும், இதுவரை அந்த மருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் நேர்ந்ததில்லை என்றும் மாடசாமி அண்ணாச்சி வாதாடினார். அடியார்கள் மருந்து போட்டதும் நடந்து போய்விடுகிறார்களே, என்ன நேர்ந்தது என்பது நமக்கு எப்படித் தெரியும் என்றேன் நான். நம்பி ஐயா கண்ணை மூடிக் கேட்டார். பிறகு எழுந்து நின்றார்.

"பந்தலுக்குச் சாமான் உண்டுவே, மாடசாமி."

எனக்குத் திகைப்பு. ஆனால் அவர் முடிக்கவில்லை.

"புண்ணுக்குப் போடுதது எல்லாம் புதுசு, இந்த வருசக் கொள்முதல்லருந்து. மெத்தைக்கு, முட்டுக்கொடுக்க, சிவப்புக் குறி போட்ட துணி. நம்ம சாமான் எங்க போகுதோ அங்க சிஸ்டரும் போவாங்க. அவங்க கையாலதான் போடணும்."

"சிஸ்டர் வேதக்காரவுகல்லா? முருகன் பந்தல்ல வந்து உக்காருவாகளா?"

கிறித்தவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். "காலக் கழுவ எங்க வேதத்துல தடையில்ல அண்ணாச்சி," என்றேன்.

அவ்வாறுதான் அந்தப் பூசத்துக்கு முந்திய நாள் காலையில், பச்சை உடுத்தியோர் நிறைந்த பந்தலின் ஓரத்தில், ஒரு முக்காலியும் உப்புநீர்ப் புட்டிகளுமாக நான் உட்கார்ந்தேன். மாடசாமி அண்ணாச்சியும் விரதமிருந்து பச்சை உடுத்தியிருந்தார். ஆனால் அவர் ஒருமுறையும் நடந்ததில்லை. கடைசி அடியார் கடந்து போகும்வரை தலைவர் பந்தலை விட்டு நகரக்கூடாது என்பது அவர்களுடைய கட்டுப்பாடு. என்னிடம் அதிகம் பேசாமல், மோர்ப் பானையின் அருகிலேயே நின்றுகொண்டிருந்தார்.

வெயில் ஏறியது. கொப்புளங்கள், முள் குத்தியவை, தார்ச்சாலையில் வெந்த பாதங்கள் என வரிசை நகர்ந்தது. அப்போது, பந்தலில் பரப்பியிருந்த மணலில் ஒரு தடம் என் கண்ணில் பட்டது. வலக்காலின் தடம் உலர்ந்திருந்தது. இடக்குதிகால் விழுந்த இடம் மட்டும் ஒவ்வோர் அடியிலும் ஈரமாக இருந்தது. தடத்தைப் பின்தொடர்ந்து பார்த்தேன். நடுவயதுப் பெண் ஒருவர், தம் சிறிய காவடியைத் தரையில் படாமல் பந்தற்கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். நொண்டவில்லை. முகம் மலர்ந்திருந்தது.

கூப்பிட்டு உட்காரவைத்தேன். பெயர் பேச்சியம்மாள், சுரண்டைப் பக்கம், பீடி சுற்றும் தொழில். மகளுக்குப் பிரசவம் சிக்கலின்றி முடிய வேண்டிக்கொண்டிருந்தார், முடிந்ததால் நடக்கிறார். குதிகாலில் பெரியதோர் ஒட்டுப்பட்டை. அதன் பசை இளகி, மணலும் நூலும் ஒட்டிக் கறுத்திருந்தது. உப்புநீரில் ஊறவைத்துப் பைய எடுத்தேன். அடியில் வெள்ளைக் களிம்பு அப்பியிருந்தது. அதைக் கழுவியபின் புண் தெரிந்தது. ஒரு கோலிக்குண்டு உட்காரும் பள்ளம். செம்மை கணுக்காலைத் தாண்டி மேலே ஏறத் தொடங்கியிருந்தது. புறங்கையை வைத்துப் பார்த்தேன். சுட்டது.

"வலிக்குதாம்மா?"

"இல்லவே இல்ல தாயி. நேத்து காலையில மட்டும் சுருக்குன்னுச்சு. ஒரு பந்தல்ல மருந்து போட்டுவிட்டாவ. முருகா முருகான்னேன். வலியத் தூக்கிட்டுப் போயிட்டான்."

"சுகர் இருக்கா?"

"அது கெடக்கு. மாத்திரைய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன். விரதத்துக்கு எதுக்கு மாத்திரை?"

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். பஞ்சை நூலாகத் திரித்து, "தொடும்போது சொல்லுங்க," என்று முன்கையில் தொட்டேன். உடனே சொன்னார். முழங்காலில் தொட்டேன், சொன்னார். பாதத்தின் மேற்புறம், பெருவிரல், சிறுவிரல், உள்ளங்கால் என்று ஒவ்வோர் இடமாகத் தொட்டேன். அவர் கண்ணை மூடியபடி புன்னகையோடு காத்திருந்தார். மோர்க் குவளையோடு வந்த மாடசாமி அண்ணாச்சி அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னும் தொடலையா தாயி?" என்று கேட்டார் பேச்சியம்மாள்.

நான் உண்மையைச் சொன்னேன். கால் மரத்துப்போயிருக்கிறது, அதனால்தான் வலி இல்லை, புண் ஆழமாகப் போய்விட்டது, இனி ஓரடியும் நடக்கக்கூடாது, இப்போதே மருத்துவமனைக்குப் போகவேண்டும். அவர் மறுத்துத் தலையசைத்தார்.

"வண்டியில ஏறினா வேண்டுதல் முறிஞ்சிரும். மக பெத்து எழுந்திருச்சு நிக்கா. அவளுக்குன்னு சொன்ன வாக்கு."

"கால் போயிரும் அம்மா."

"பீடி சுத்துதவளுக்குக் கை போதும். காலு எதுக்கு?"

உடன் வந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு என்னைத் தேற்றுவதுபோல், இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு குழாயை எடுத்து நீட்டினார். "இந்தா, நேத்துப் போட்ட மருந்தையும் கையில கொடுத்துவிட்டிருக்காவ. ஏதோ கம்பெனி தர்மத்துக்குக் கொடுத்ததாம். இதையே போட்டுவிடு. நடந்துருவேன்."

மாடசாமி அண்ணாச்சி கையை நீட்டி அதை வாங்கினார். தூரப் பிடித்து, மடிந்திருந்த அடிப்பகுதியை நிமிர்த்தித் தேதியைப் படித்தார். என்னிடம் கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் தேதி தெரிந்துவிட்டது.

இங்கே நான் நேர்மையாக ஒன்று எழுத வேண்டும். அந்தக் களிம்பு புண்ணை உண்டாக்கவில்லை. சர்க்கரையும் வெறுங்கால் நடையும் உண்டாக்கின. களிம்பு செய்தது வேறு. மருந்து போட்டாயிற்று என்னும் நம்பிக்கையைத் தந்து, அந்த அம்மாளை இன்னும் ஒரு பகலும் இரவும் நடக்கவைத்தது. காலாவதியான மருந்தின் மிகப்பெரிய தீங்கு அதுவே என்று நான் கருதுகிறேன்.

அந்த நேரத்தில் ஆலை வண்டியில் மோருக்குத் தயிர்ப்பானைகளோடு நம்பி ஐயா வந்து இறங்கினார். அவர் குனிந்து குதிகாலைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைக் கேட்டார்.

"இந்தக் கால் இங்கயிருந்து எங்க போகும், சிஸ்டர்?"

"நடந்தா அறுவைக்குப் போகும் ஐயா. வண்டியில ஏறினா வீட்டுக்குப் போகும்."

பேச்சியம்மாள் அப்போதுதான் சிரிப்பை நிறுத்தினார். கயிற்றில் தொங்கிய காவடியைப் பார்த்தார். "காவடியக் கீழ வைக்க முடியாதே தாயி," என்றார்.

"அதை எனக்குக் கொடு ஆத்தா," என்றார் மாடசாமி அண்ணாச்சி.

"நீங்க பந்தல்காரர்லா அண்ணாச்சி?"

"வழி நெடுகத் தோள் மாத்திக்கிட்டுத்தான வந்திருப்பிய? கடைசித் தோளு என்னதுன்னு வச்சுக்கோ. மொட்டையா நடக்கலை, விரதத்தோடதான் நிக்கேன். நீ வண்டியில போ. ஒன் வேண்டுதல் என் கால்ல போகட்டும்."

"அண்ணாச்சி, அப்பம் பந்தல யாரு பாக்க?" என்றார் அவருடைய ஆள் ஒருவர்.

மாடசாமி அண்ணாச்சி சுற்றிலும் பார்த்தார். பார்வை என்னிடம் வந்து நின்றது. "சிஸ்டர் இருக்காவல்லா," என்றார்.

அவர் காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வெறுங்காலோடு கிழக்கே நடந்தார். அந்த மயிற்பீலி வளைவில் மறையும்வரை பேச்சியம்மாள் கண்ணெடுக்கவில்லை. மறைந்த பிறகே வண்டியில் ஏறினார். காலை மடக்காமல் நீட்டிவைக்க, சிவப்புக் குறியிட்ட துணிகளை அடுக்கி மெத்தையாக்கினேன். புண்ணின்மேல் புதிய துணி. நம்பி ஐயா ஓட்டுநரின் அருகில் ஏறிக்கொண்டார். பொருள் போகும் இடத்துக்கு உடன் போவது அவருடைய வழக்கம் அல்லவா?

அன்று பொழுது சாயும்வரை நான்தான் பந்தலின் தலைவி. மோர் ஊற்றினேன். உப்புப் போதவில்லை என்று ஒருவர் குறை சொன்னார். "யாரு பந்தலும்மா இது?" என்று ஒரு பெரியவர் கேட்டபோது, "மாடசாமி அண்ணாச்சி பந்தல், நான் எவ்சி," என்றேன். விடுப்பில் போனவரின் இடத்தில் நிற்பவரை ஆலையில் அவ்வாறுதான் சொல்வார்கள். பந்தல்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லிப் பல நாள் சிரித்தார்கள்.

அரசு மருத்துவமனையில் புண்ணின் செத்த தசையை நீக்கினார்கள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் எலும்புக்குப் போயிருக்கும் என்றாராம் மருத்துவர். புண் ஆறுவதற்கு மாதக் கணக்காயிற்று. ஆனால் ஆறிவிட்டது. ஒரு விரலும் போகவில்லை.

திருச்செந்தூரிலிருந்து திரும்பிய மாடசாமி அண்ணாச்சி, இரண்டு பாதமும் கொப்புளமாக என் அறைக்கு வந்தார். ஒட்டுப்பட்டையை எடுத்தேன். "செத்த இருங்க," என்று உறையைப் பிடுங்கி, திருப்பி, தேதியைப் படித்த பிறகே காலை நீட்டினார். அடுத்த ஆயுதபூசைக்கு முந்திய நாள், சிமென்டு மேடைக்கு அவராகவே வந்து என் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டார். "ஒங்க வெட்டு செரியில்ல சிஸ்டர். இன்னும் ஒருத்தன் பிதுக்கிருவான்," என்றார். ஓய்வுபெறும்வரை வெட்டும் வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆகவே, ஜெபசெல்விக்கு நான் தொலைபேசியில் சொன்னது இதுதான். மேலாளர் சொல்வதுபோல் அப்படியே குப்பையில் போடவும் வேண்டாம், தொழிலாளர் கேட்பதுபோல் அப்படியே பந்தலுக்குக் கொடுக்கவும் வேண்டாம். மருந்தை வெட்டி, உரிமம் பெற்ற வண்டிக்குக் கொடுங்கள். வெறுந்துணிக்குச் சிவப்புக் குறி இடுங்கள். பந்தலுக்குப் புதியதைக் கேட்டு வாங்குங்கள், கேட்டால் கொடுப்பார்கள். அதோடு நீங்களும் போய் உட்காருங்கள். ஒரு நாள் வெயிலில் உட்கார்வதால் செவிலிக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

இனிச் சொல்ல வேண்டியது அடுத்த ஆண்டுப் பூசத்தைப் பற்றியது. முற்பகலில் தென்காசிப் பக்கத்துப் பேருந்து ஒன்று பந்தலின் முன்னே நின்று, பேச்சியம்மாள் இறங்கினார். காலில் மருத்துவமனையில் கொடுத்த கறுப்பு மெத்தைச் செருப்பு, தோளில் காவடி, சுருக்குப்பையில், கேட்பதற்கு முன்பே எடுத்துக் காட்டிய சர்க்கரை மாத்திரை. நேரே வந்து, இடக்காலைத் தூக்கி என் மடிமேல் வைத்தார்.

"பாத்துச் சொல்லு தாயி. நடக்கவா, வேண்டாமா?"

பார்த்தேன். அவசரப்படாமல் பார்த்தேன். குதிகாலில் புதுத்தோல் பளபளத்தது. விரலிடுக்குகள் உலர்ந்திருந்தன. வலக்காலையும் வாங்கிப் பார்த்தேன். பிறகு பேரம் தொடங்கியது. கோயில்வரை என்றார் அவர். அடுத்த பந்தல்வரை என்றேன் நான். குரும்பூர்வரை என்று இறங்கிவந்தார். அடுத்த பந்தல்தான், அங்கிருந்து பேருந்து, செருப்பைக் கழற்றவே கூடாது என்று நான் நின்றேன்.

"செருப்போட நடந்தா சாமி ஏத்துக்கிடுமா அண்ணாச்சி?" என்று மாடசாமி அண்ணாச்சியிடம் முறையிட்டார்.

"கோயிலுக்குள்ள கழத்திக்கோ. ரோட்டுல சிஸ்டர் சொல்லுததுதான் சட்டம்."

"அப்பம் சரி. போன வருசம் நீங்க எனக்காக நடந்திய. இந்த வருசம் ஒங்களுக்காக நான் நடக்கேன். பந்தல விட்டு நகராம மோர ஊத்துங்க."

அவர் காவடியைத் தோளில் சரிசெய்துகொண்டு சாலையில் இறங்கினார். மோர்க் கரண்டியைப் பானையிலேயே விட்டுவிட்டு மாடசாமி அண்ணாச்சி சாலையோரம்வரை வந்து நின்றார். ஓசையின்றி நகர்ந்த வெறுங்கால் கூட்டத்துக்குள் அந்த ஒரு சோடிச் செருப்பு மட்டும் டப், டப் என்று ஒலித்துக்கொண்டே போனது. பச்சைத் துணிகளுக்கு நடுவே அவர் கண்ணுக்கு மறைந்த பிறகும், வெகுநேரம் எங்களுக்கு அது கேட்டது.